மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்த நாள்

மாப்பிள்ளைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. எப்போதோ ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்தார்கள். அது கூடிவரவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருமுனை பாரில் சுவரோர மேஜை அவனுடையது. மத்தியானம் கதவைத் திறக்கும்போதே வந்து உட்கார்ந்துவிடுவான். எதிரே தையல் கடை வைத்திருக்கும் எனக்கு அவனைப் பார்த்தாலே கொட்டாவி வரும். இத்தனைக்கும் யாரையும் வம்புக்கு இழுத்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. அதுதான் எரிச்சல். திட்டலாம் என்றால்கூட ஒன்றும் அகப்படாது.

லாரி ஆபீஸ், அச்சகம், பெட்ரோல் பங்க் என்று பல இடங்களில் வேலை பார்த்திருக்கிறான். யாரும் அவனை விரட்டவில்லை. இவன்தான் ஒருநாள் போகாமல் இருந்துவிடுவான். கேட்டால், "போகணும்னுதாண்ணே இருந்தேன்" என்பான்.

சோறு போட்டது அவன் அக்கா. புருஷன் போன பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து குடும்பத்தை ஓட்டினாள். தினமும் இவன் வீடு திரும்பும்போது வாசலில் மறித்து, "ஊதுடா" என்பாள். "தொடவே இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து ஊதுவான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வழிவிடுவாள். தலையணை உறை தைக்க வரும்போது இதை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். பிற்பாடு சொல்வதையே விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் அக்காவுக்கு முட்டி போய்விட்டது. வெளியூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அக்கா ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தாள்.

"அவன் ஒரு வேலையில இருக்கறத கண்ணால பார்த்துட்டா போயிடுவேன் தம்பி. இப்படியே விட்டுட்டுப் போனா, அங்க எனக்குச் சோறு எறங்காது" என்றாள் என்னிடம்.

பார் முதலாளி காதில் விஷயத்தைப் போட்டேன். கிளாஸ் கழுவுகிறவர் நின்றுபோயிருந்த சமயம்.

"நாள் பூரா இங்கதான உக்காந்திருக்கான். உக்காந்திருக்கறதுக்கு நிக்கட்டும். ஆனா வேலை நேரத்துல ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்றார். மாடியில் ஒரு அறையும் ஒழித்துக் கொடுத்தார்.

முதல் நாள், மேஜைகள் மேல் கவிழ்த்திருந்த நாற்காலிகளை மாப்பிள்ளை இறக்கிப் போட்டான். ஐஸ் உடைத்தான். கிளாஸ்களைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, அலசி, துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கை தவறி ஒன்று உடைந்தது. அதையும் அவனே பெருக்கி அள்ளினான். அக்கா ஊருக்குக் கிளம்பும் வழியில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்காக என்னிடம் கொடுத்துச் சட்டையைக்கூடப் பிடித்துத் தைத்து வாங்கியிருந்தான்.

எங்கள் பாரில் ஒரு வழக்கம் உண்டு. பேரன் பிறந்தாலும் சரி, கேஸில் ஜெயித்தாலும் சரி, அந்த ஆளின் முன்னால் கேட்காமலே ஒரு கிளாஸ் நிரப்பி வைப்போம். வேண்டாம் என்று திருப்பித் தள்ளுவது மரியாதை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தான். எங்களோடு குடிக்கிற பெயிண்டர் ஒருவர் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். எல்லோரும் கைதட்டினோம். குடியை நிறுத்தி வேலைக்கு வந்தவனுக்குக் குடி ஊற்றி வாழ்த்துச் சொல்லும் அளவுக்குத்தான் எங்கள் மூளை.

"இருக்கட்டும், குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி இருந்தான்.

அப்போது அக்கா, மகள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அதே மேஜை, அதே நாற்காலி, முன்னால் கிளாஸ். மாப்பிள்ளை எழுந்து அவளிடம் போனான். "தொடவே இல்லக்கா" என்றான். எத்தனையோ வருஷமாகச் சொன்ன அதே வார்த்தை. அது உண்மையாக இருந்தது அன்றைக்குத்தான். அவள் கேட்காமலே, ஊதிக் காட்டக் குனிந்தான்.

அக்கா அவன் வாயைக் கையால் மூடினாள். "வேணாம்டா. மோந்து மோந்து எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை. காலரைச் சரிசெய்துவிட்டு, "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள்.

எனக்கு மனது கேட்கவில்லை. "அக்கா, சத்தியமா அவன் தொடல. நாங்கதான் வெச்சோம்" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்க தம்பி" என்றாள். என் கையிலும் ஒரு கிளாஸ் இருந்தது.

வாசலில் கார் கிளம்பிப் போயிற்று. மாப்பிள்ளை அந்தக் கிளாஸை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டிக் கழுவினான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்களாவது மோந்து பாருங்களேன்" என்றான்.

குனிந்தேன். ஊதினான். எனக்கு என் வாடைதான் அடித்தது.

"ஒண்ணும் இல்லடா, சுத்தமா இருக்கு" என்றேன்.