பையின் படம் பைக்குள்ளே

இன்று காலை முழுக்க வீட்டில் படப்பிடிப்பு. கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிய டிஜிட்டல் கமெராவுக்குக் கிடைத்த முதல் வேலை, எங்கள் பத்திரப் பையில் உள்ளவற்றைப் படமெடுப்பது. ஓட நேர்ந்தால் தூக்குவதற்காகக் கதவருகில் எப்போதும் தொங்குகிற பைதான்.

யன்னலோரம் பாயை விரித்து ஒவ்வொன்றாக வைத்தேன். எங்கள் ஆறு பேரின் அடையாள அட்டைகளில் பிளாஷ் பட்டு முகங்களே வெள்ளையாகிவிட்டன. காணி உறுதிப் பத்திரத்தை எடுக்கும்போது தூரத்தில் ஷெல் விழுந்து கை ஆடிவிட்டது. மூன்று தடவை எடுத்தும் எழுத்துத் தெளியவில்லை.

வெல்லாவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்களோடு இருக்கிற மாமி தன் வீட்டுப் பூட்டின் திறப்பை நீட்டினார்.

"இதையும் எடு புள்ள."

"திறப்பை எதுக்கு மாமி?"

"வீடு கிடக்கோ இல்லையோ தெரியா. பூட்டிப்போட்டுத்தான் வந்த நான் எண்டதுக்கு ஒரு அத்தாட்சி வேணும்."

எடுத்தேன். எடுத்தவற்றில் அந்தத் திறப்பு மட்டும்தான் துல்லியமாக விழுந்தது.

முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி, வெகு கவனமாக அதே பைக்குள் வைத்தேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பை துலைஞ்சா படமும் துலையுமே புள்ள?"

முக்கியமான எதைக் கண்டாலும் என் கை அந்தப் பைக்குத்தான் போகிறது. திரும்ப எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். பிறகு தலையணை உறைக்குள். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த இரண்டையும்தான். ஆறு பேருடைய அடையாள அட்டைப் படங்கள் எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது? இப்போது கார்டு என் உள்ளங்கையில் வியர்வையோடு இருக்கிறது.

இதை வாசிக்கிற நீங்களெல்லாம் எங்கே வைக்கிறீர்கள், சொல்லுங்கள்.

வேண்டாம், இடத்தைச் சொல்லாதீர்கள். வைத்துவிட்டோம் என்று மட்டும் எழுதுங்கள்.