காற்றுக்குமிழி இல்லாத பாட்டில்

சிவராசு அவர்கள் காலமாகிவிட்டார் என்று காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து போன் வந்தபோது, ஆய்வகத்தில் நான் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். சிறுநீர்ப்பையில் கட்டியாம். "அந்தக் குழாய்த் தண்ணியால இருக்குமுங்களா?" என்று அவருடைய தம்பி கேட்டார். தெரியவில்லை என்றேன். இன்னமும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் சிவராசுவும் நானும் ஐந்து வருடம் கொல்லிமலையில் அலைந்தோம். கிருமி சாகத் தண்ணீரில் குளோரின் போடுகிறார்கள். இலைதழை ஊறிய தண்ணீரில் அது வேறு சில பொருட்களையும் உண்டாக்கிவிடுகிறது. நெடுங்காலம் குடித்தால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருமோ என்று சந்தேகம். வீட்டுக் குழாய்களில் அவை எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது எங்கள் வேலை. நாங்கள் கொடுத்துவிட்டு வரும் பாட்டிலில் வீட்டுக்காரர்களே தண்ணீர் பிடித்து வைப்பார்கள். பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அவை அதற்குள் ஓடிவிடும். அதனால் அவர் ஒவ்வொரு பாட்டிலையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார். உடன் இருப்பவனுக்கு எரிச்சலாக வரும்.

திண்ணனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் பாப்பாயி அம்மாள் வீட்டுத் தண்ணீரில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. எல்லா வீட்டுக்கும் தொட்டி ஒன்றுதான், அக்கம்பக்கத்து வீடுகளின் தண்ணீரில் எல்லாம் அவை இருந்தன. முதலில் கருவியைச் சந்தேகப்பட்டோம், பிறகு ஒருவரையொருவர். கடைசியில் மலையேறிப் போய்க் கேட்டோம்.

"ஏனுங்க, அத்தன தூரத்துல இருந்து வந்தவங்களுக்கு மருந்து நாத்தத் தண்ணியவா குடுக்கறது? ஊத்துல போயிப் புடிச்சாந்தனுங்க" என்றார் அந்த அம்மாள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சிவராசு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்தக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார்.

"அப்ப இதக் குடிக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

"குடிங்கம்மா. வாந்திபேதி வந்தா ரெண்டு நாள்ல ஆளு போயிரும். இதுல கெடுதல் எத்தன இருக்குதுன்னு நாங்க பாத்துக்கிட்டே இருக்கறோம்."

அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். அது துணிச்சலா, அசட்டுத்தனமா? "ஒரு ஆள வெச்சு முடிவு சொல்லக் கூடாதுங்க" என்று அவரேதான் சொல்வார். சரியான பேச்சுதான். அந்த ஒரு ஆள் அவராக இருக்கும்போது எனக்குப் புத்தி ஓட மறுக்கிறது.

இழவு வீட்டுக்குப் பாப்பாயி அம்மாளும் பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தார். பையிலிருந்து எங்கள் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"இந்தத் தடவ குழாய்த் தண்ணிதானுங்க. அவுரு சொன்னாப்பல புடிச்சனுங்க. இப்பவும் இதக் குடிக்கலாமுங்களா?"

வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு குமிழி இல்லை. பக்கத்தில் சிவராசு கண்மூடிக் கிடந்தார்.

"குடிங்கம்மா. நாங்க பாத்துக்கிட்டே இருக்கறோம்" என்றேன்.

'நாங்க' என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

போய் வாருங்கள், சிவராசு. பாட்டில் என்னிடம் இருக்கிறது. நாளைக் காலையில் அளந்துவிடுகிறேன்.