ருஷ்ய வகுப்பும் எங்கள் தெருப் பாவும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருத்தணியில் எங்கள் நெசவுத் தெருவுக்கு, மலைமேல் இருந்த முருகனுக்கு அடுத்த பெரிய ஆள் ருஷ்யாவை ஆண்டவர்தான். நெசவாளர் சங்கக் கொட்டகையில் அவர் படம் மாட்டியிருந்தது. வாரம் ஒரு நாள் சங்கச் செயலாளர் அங்கே ருஷ்ய வகுப்பு எடுப்பார். என் அப்பாவும் போவார். அவரை நாங்கள் நைனா என்போம். கொட்டகை எங்கள் வீட்டுக்கு எதிரில். நான் வாசலில் ராட்டை சுற்றிக்கொண்டே கேட்டுத் தொலைப்பேன்.

ருஷ்யாவில் பெரிய பேச்சாளர்கள் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது, கட்சியில் யாரை எந்த வேலையில் வைப்பது என்கிற சலிப்பான பொறுப்பை அந்தப் படத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டாராம். அவருக்கு முன் ஆண்டவர் கண்ணை மூடியதும் பார்த்தால், எங்கு பார்த்தாலும் இவர் வைத்த ஆட்கள். பிறகு கூடவே புரட்சி செய்த பழைய தோழர்களே ஒவ்வொருவராகத் துரோகி ஆனார்கள். கோர்ட்டில் நின்று தாங்களே ஆமாம் என்றார்கள். சுட்டுவிட்டார்கள். செயலாளர் இதைச் சாமி கதைபோல் சொல்வார். நூல் பஞ்சம் தலைவிரித்தாடிய நேரம். யாருக்கு எவ்வளவு நூல் என்பது அவர் கையில் இருந்ததால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நைனாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "எல்லாரும் துரோகின்னா, அப்ப புரட்சி பண்ணது யாருப்பா?" என்று கேட்டுவிட்டார்.

"மாமா, நீங்க எதிரி பேசற பேச்சைப் பேசிகினு இருக்கீங்க," என்றார் செயலாளர். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். நைனா சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

நீக்கம் என்றால் கூட்டத்துக்கு வரவேண்டாம், அவ்வளவுதான். எங்கள் தெரு அறிந்த விலக்கோ ஊர்விலக்கு ஒன்றுதான். விடிகாலையில், தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது அக்கம்பக்கத்தார் வந்து பிடிக்க வேண்டும். யாரும் வரவில்லை. நானும் நைனாவும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினோம். வெயில் ஏறியது. கஞ்சி காய்ந்து நூல் ஒட்டிக்கொண்டது, பிரித்தால் அறுந்தது. வீட்டில் இருந்த நூல் அவ்வளவுதான். செயலாளர்கூட இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். பார்த்தபிறகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அவரைவிடத் தெருவின்மேல்தான் வயிறு எரிந்தது.

அடுத்த வகுப்பன்று நைனா தானாகவே போய்க் கொட்டகை வாசலில் நின்றார். "எதிரி பேச்சுதான் பேசிட்டேன். மன்னிச்சுடுங்க," என்றார். உடனே சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள், நூலும் வந்தது. மறுபடி பாவு போட்டபோது தெருவே திரண்டது, செயலாளரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, உடம்பு எப்படி இருக்குது?" என்று விசாரித்தார். நைனா, "ஆங், நல்லா இருக்குதுப்பா," என்றார்.

பிறகு ஒருநாள் தெருவின் கோடிவீட்டுக்காரரை நீக்கினார்கள். அவர் என்ன கேட்டார் என்பதுகூட எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. முதலில் உயர்ந்தது நைனாவின் கை. எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. மறுநாள் விடிகாலையில் கோடிவீட்டார் தெருவில் பாவு நீட்டினார்கள். நைனா எழுந்து வந்து, எங்கள் வீட்டுக் கதவை உள்ளே தாழிட்டார்.