அச்சு மேசையும் சுருட்டுப் பெட்டியும்

பானுமதி அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் பி.எஸ்சி. இயற்பியல், எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன். நடந்த தவறில் இதற்கும் பங்கு உண்டு.

நாங்கள் இருவரும் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சுந்தரேசன் சாரின் பட்டறையில் வேலை பார்க்கிறோம். பொம்மைகள், மூடி போட்ட சாடிகள், மின்சார வேலைக்கான பீங்கான் சாமான்கள் எல்லாம் அங்கே செய்கிறோம். நான் பேக்கிங் பக்கம். குரூப் ஃபோர் ரிசல்ட் வரும்வரை என்று சேர்ந்து ஏழு மாதமாகிவிட்டது. பட்டறையில் என்னை யாரும் பிரபா என்று கூப்பிடுவதில்லை. 'டிகிரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "டிகிரி, அந்த வைக்கோலை எடு" என்பார்கள்.

பானு அக்காவின் ஊர் கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அந்த வருஷமே பட்டறைக்கு வந்துவிட்டார். முதலில் களிமண் கரைசலை அச்சில் ஊற்றும் வேலை, பிறகு ஓரம் செதுக்கும் வேலை, கடைசி ஆறு வருஷம் அச்சு மேசையில் ஆதிநாராயணன் என்ற அச்சுக்காரருக்குப் பக்கத்தில். சாடிக்கு மூடி பொருந்துவதும் பொருந்தாததும் அந்த மேசையில்தான் தீர்மானமாகும். பச்சை மண் சூளையில் வெந்தால் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்து, அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். போன சித்திரையில் ஆதிநாராயணன் மகனோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டார். அதிலிருந்து அந்த வேலை மொத்தத்தையும் செய்தது பானு அக்கா. ஆனால் வருகைப் பதிவில் அவர் பெயருக்கு எதிரே 'உதவியாள்' என்றுதான் இருந்தது.

அக்காவுக்குக் கிட்டார் செய்யும் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், போன்ல பாத்தேன் என்பார். ஏதோ வெளிநாட்டில் ஒருவர் சுருட்டுப் பெட்டியில் கழி செருகி மூன்று தந்தி கட்டி வாசித்த வீடியோ. அடுத்த வாரமே மங்கலம்பேட்டை ரோட்டுக் காயலான் கடையில் அப்படி ஒரு பெட்டி கண்ணில் பட்டுவிட்டது. துபாயிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்த மரப்பெட்டி. கடைக்காரர் அதில் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருந்தார்.

"அதெல்லாம் கொட்டிட்டுப் பொட்டிய மட்டும் குடுங்க பாய்."

"பொட்டிய வெச்சு என்னாம்மா பண்ணப் போற?"

"வீணை."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாராம்.

கிட்டாரின் கழுத்துக்கு, யாரோ இடித்துப் போட்ட வீட்டின் ஜன்னல் சட்டம். தந்தியை முறுக்க, கதவுக் கொண்டியில் வரும் வளையத் திருகாணிகள். கழுத்தில் விரல் வைக்கும் இடங்களுக்குச் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளை வெட்டிக் குறுக்கே பதித்துக்கொள்ளலாம். தந்திதான் தகராறு. முதலில் பைக் பிரேக் ஒயரைப் பிரித்துக் கட்டினார். முறுக்க முறுக்க அறுந்து ஒருநாள் கன்னத்தைக் கிழித்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் தேவநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பூனை வளத்தாக்கூட இவ்ளோ கீறாது. இதுக்குப் பூனையே வளத்திருக்கலாம்" என்றார்.

குறுக்குக் கம்பிகளை எங்கெங்கே வைப்பது என்று அக்கா என்னிடம் கேட்டார். ஏழு மாதத்தில் என் படிப்பை நம்பி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. தந்தியின் நீளம் அறுநூறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, பன்னிரண்டு கம்பிக்கும் கணக்குப் போட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். முதல் கம்பி 33.7, கடைசிக் கம்பி 300. அக்கா தன் ஸ்கேலை வைத்து, ஊசியால் கோடு கீறி, கோட்டில் ரம்பம் போட்டு, கம்பிகளைப் பதித்தார். அந்த ஸ்கேல் ஜன்னல் அலுமினியத் தகட்டில் அவரே கோடு கீறிச் செய்தது. ஆதிநாராயணன் தன் ஸ்கேலைத் திருப்பூருக்குக் கையோடு எடுத்துப் போய்விட்டார். பட்டறையில் இருந்தது இது ஒன்றுதான்.

அந்தக் கோடுகளைச் சுந்தரேசன் சார் பார்த்துவிட்டார். கழுத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பானு, நீ போட்டதா? மயிரிழை மாதிரி இருக்குதே. பூசை அன்னிக்குக் கொண்டாந்து வாசி. அச்சு மேசையைப் பத்தியும் அன்னிக்கே பேசிக்கலாம்."

பானு அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம், "மேசைய எனக்குத்தான் குடுக்கப் போறாருடி. இல்லாட்டி எதுக்கு ரெண்டையும் சேத்துச் சொல்றாரு?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் சாயங்காலமே பட்டறைச் சாமான்களையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அச்சு மேசைமேல் பரப்பிவிடுவோம். கத்தி, தூரிகை, சல்லடை, தராசு எல்லாம் அங்கே போய்விடும். அக்காவின் ஸ்கேலும் போனது. ஒருமுறை படையலில் வைத்தால் பூஜைக்கு மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடமாட்டார்கள்.

கிட்டாரில் பாக்கி இருந்தது ஒரே வேலை. பாண்டிச்சேரியில் மியூசிக் கடைக்காரர் ஒருவர் கழித்துப் போட்ட தந்திகளைத் தேவநாதன் அண்ணன் வாங்கி வந்திருந்தார். அவை பூஜை அன்று காலையில்தான் கைக்கு வந்தன. தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையை அக்கா ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். சூளையில் கோணிப்போன பீங்கான் கட்டையின் விளிம்பை உரசி எடுத்தது. அதைப் பெட்டிமேல் சரியான தூரத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. அக்கா பழக்கத்தில் படையலைப் பார்த்துக் கையை நீட்டினார். ஓரம் செதுக்கும் அம்புஜவல்லி அக்கா பட்டென்று கையில் அடித்தார்.

"ஏண்டி, படைச்சு வெச்சதைத் தொடுறியே, அறிவிருக்கா?"

"அளவு எடுக்கணுங்க்கா, ஒரே நிமிஷம்."

"ஒரு நிமிஷமும் கிடையாது. சாமி கண்ணு மூடியா இருக்குது?"

நான்தான் என் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தேன். காலேஜில் வாங்கியது. "நான் அளக்கிறேங்க்கா" என்று சொல்லி, கழுத்தின் நுனியிலிருந்து சரியாக அறுநூறு மில்லிமீட்டரில் பென்சில் கோடு போட்டேன். அக்கா கோட்டைப் பார்த்தார்.

"கிட்டக்க வருதேடி. நான் இன்னும் கொஞ்சம் பின்னாடி வரும்னு நெனச்சேன்."

"கணக்குதாங்க்கா. ஒரு மில்லிகூடத் தப்பாது."

வாசிக்கும்போது நகர்ந்துவிடக் கூடாதென்று ஃபெவிகுவிக் வைத்து ஒட்டச் சொன்னதும் நான்தான்.

பொரி, கடலை எல்லாம் கொடுத்து முடித்ததும் நாற்பது பேரும் சுற்றி நின்றார்கள். சார் நாற்காலியில் உட்கார்ந்தார். போனில் ஆப் வைத்து மூன்று தந்தியையும் நான் சுதி சேர்த்துக் கொடுத்தேன். அக்கா மாசி மகத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் அடிக்கும் கும்மியின் மெட்டை வாசிப்பதாக இருந்தார். முதல் மீட்டலில் பெட்டி கணீரென்று பேசியது. இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பிறகு அக்காவின் விரல் கழுத்தில் ஏறியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மெட்டு அதேதான், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் நின்றது. மேலே போகப் போக அதிகமாகத் தாண்டியது. அக்கா நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அப்படியே.

சூளைக்காரர் கொளஞ்சி பொரியை மென்றுகொண்டே, "என்னா பானு, சூளைல வெச்சு எடுத்தாந்தியா? சுருங்கிப் போச்சு போலக்குது!" என்றார். பட்டறையே சிரித்தது. அம்புஜவல்லி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சார் சிரிக்கவில்லை. "கோடெல்லாம் நல்லாத்தான் போட்ட. அளவு சரியா இருந்தா சத்தமும் சரியா இருந்திருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஐ.டி.ஐ. முடித்த தன் உறவுக்காரப் பையன் ராஜ்மோகன் திங்கட்கிழமையிலிருந்து அச்சு மேசைக்கு வருவான் என்றார். "பானு, உன் ஸ்கேலை அவன்கிட்ட குடுத்துடு. கூட இருந்து சொல்லிக் குடு."

பேச்சு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் பானு அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசினாலும் சண்டைதான். கணக்குத் தப்பு என்றார். கணக்கு தப்பவே தப்பாது, கம்பி பதித்ததில் கை விலகியிருக்கும் என்றேன். "என் கையா? பதினாலு வருஷமா எந்த மூடி பொருந்தாம போச்சு சொல்லுடி, பாப்போம்" என்றார். அப்படி ஒரு மூடியும் போனதில்லை. ஆனாலும் என் மனசில் ஒரு தராசு இருந்தது. ஒரு தட்டில் என் தாள், மறு தட்டில் அவர் கை. நான் ஒருமுறைகூட என் டேப்பைத் தூக்கி அதில் வைத்துப் பார்க்கவில்லை. சூத்திரத்தைப் பத்துத் தடவை சரிபார்த்தேன். அது சரியாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. படித்து என்ன கற்றேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். என் பக்கம் சரி என்று காட்டத்தான் கற்றேன் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கிட்டார் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது.

"எடுத்துட்டுப் போயி அடுப்புல வையி. வெறகாவது மிஞ்சும்" என்றார்.

"ஒரு நூல் குடுங்கக்கா."

பன்னிரண்டாம் கம்பி தந்தியின் சரிபாதியில் இருக்க வேண்டும். காலேஜ் லேபில் தந்தியைப் பாதியாக்கி எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கழுத்து நுனியிலிருந்து குதிரை வரை நூலை இழுத்துப் பிடித்து, இரண்டாக மடித்து வைத்தேன். கம்பி பாதியில் இல்லை. இரண்டு விரற்கடைக்கு மேல் தள்ளி, குதிரைப் பக்கம் இருந்தது. டேப்பை வைத்தேன். முந்நூற்று முப்பத்தாறு.

"முந்நூறுன்னு எழுதிக் குடுத்தேன். முந்நூத்தி முப்பத்தாறுல வெச்சிருக்கீங்க. பாருங்கக்கா, உங்க கைதான்."

அக்கா டேப்பைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. உள்ளே போய்ப் பையிலிருந்து அலுமினிய ஸ்கேலை எடுத்து வந்தார். சனிக்கிழமைகளில் அதை ராஜ்மோகனிடமிருந்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து வைப்பார். கழுத்தின் மேல் வைத்தார். பன்னிரண்டாம் கம்பி அந்த ஸ்கேலில் முந்நூறின் கோட்டின்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

டேப்பையும் ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஸ்கேலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் டேப்பைவிட நீளம். நூறுக்கு நூற்றுப் பன்னிரண்டு.

"இது மண்ணு ஸ்கேலுடி" என்றார் அக்கா மெதுவாக. "சூளைல சுருங்குறதுக்குச் சேத்தே கோடு போட்டது. இதுல முந்நூறு அளந்தா, வெந்து வரச்சே முந்நூறு வரும்."

"உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாம என்னா? எனக்கு ஸ்கேலுன்னா இதான். இது பெருசுன்னு யாரு நெனச்சுக்கிட்டு இருக்கா?"

ஸ்கேலைக் கொண்டே குதிரையையும் வைத்திருந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகி, கிட்டார் சரியாகவே பாடியிருக்கும். கம்பிகள் அவர் ஸ்கேலில், குதிரை என் டேப்பில். அவர் அன்றைக்கே சொன்னார், கிட்டக்க வருதேடி என்று.

அக்கா சுத்தியால் குதிரையை ஒரே தட்டில் பெயர்த்தார். தன் ஸ்கேலால் அறுநூறு அளந்து வைத்தார். என் பென்சில் கோட்டிலிருந்து கிட்டத்தட்ட மூன்று அங்குலம் பின்னால் போனது. தந்தியை முறுக்கி வாசித்தார். கும்மி வந்தது. தேவநாதன் அண்ணன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் ஏறியது.

"அப்போ நான் தப்பா அளக்கல."

"இல்லக்கா."

"நாளைக்கு வந்து மொதலாளிகிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். திங்கட்கிழமை மதியம், அச்சு மேசைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு ஸ்கேல் கதையை முழுக்கச் சொல்லி, தப்பு என் டேப்பால் வந்தது என்றேன். அக்கா வாசித்தும் காட்டினார், முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி வரை. கொளஞ்சி சூளை வாசலிலிருந்து வந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். இந்த முறை ஜோக் வரவில்லை.

சார் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்குது. பரவாயில்ல, அடுத்த வருஷம் பூசைக்கு வாசி." மேசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போன் அடித்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

பானு அக்கா கிட்டாரைச் சுவரில் சாய்த்தார். மேசைமேல் ராஜ்மோகன் சாடி மூடிக்கு அளந்துகொண்டிருந்த அலுமினிய ஸ்கேலை எடுத்து, முந்தானையில் துடைத்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அக்கா, அது இல்லாம நான் எப்புடிங்க…" என்றார் ராஜ்மோகன். பாவம், நல்ல பையன்தான்.

"இது நான் பண்ண ஸ்கேலு தம்பி. எங்கூட்டு ஸ்கேலு." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "டிகிரி, உன் டேப்பக் குடு."

கொடுத்தேன். அதை ராஜ்மோகன் முன்னால் வைத்தார்.

"இந்தாங்க. நூத்துக்குப் பன்னெண்டு சேத்துக்கணும். ஒவ்வொரு தடவையும்."

பிறகு ஓரம் செதுக்கும் பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்து, கத்தியைக் கையில் எடுத்தார்.