அண்ணன் பார்த்துக் கொடுத்த கார்

கல்லூரி நிர்வாகம் என்னைச் செங்கல்பட்டுக்கு அப்பால் இருக்கும் கிளைக்கு மாற்றியது. மந்தைவெளியிலிருந்து தினமும் பஸ், மின்சார ரயில், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. வேலூரில் வேலை பார்க்கும் மகளையும் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். கார் வாங்குவது என்று முடிவு செய்ததும் அண்ணனுக்குத்தான் போன் செய்தேன்.

என் கணவர் இறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அண்ணன்தான். மகளின் ஹாஸ்டலாகட்டும், எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டராகட்டும், "நான் பாத்துட்டேன், பாப்பா" என்று அவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரையும் கேட்க மாட்டேன். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு எனக்கென்று இருந்தது அந்த ஒரு வார்த்தை.

"புதுசு வேணாம் பாப்பா. ஷோரூம விட்டு வெளில வந்தாலே வெல எறங்கிடும். ஒரு வருஷம் ஓடின வண்டியா பாத்து எடுப்போம்" என்றான்.

முதலில் தி. நகரில் ஒரு டீலரிடம் போனோம். அண்ணன் காருக்குள் உட்கார்ந்து, முதல் வேலையாக சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தான். "எல்லாத்தையும் கழுவிடுவானுங்க. பெல்ட்டோட அடிய மட்டும் எவனும் கழுவ மாட்டான். வெள்ளத்துல நின்ன வண்டின்னா அங்க சேத்துக் கோடு இருக்கும்." இருந்தது. டீலர் அசடு வழிந்தார். எனக்கு அண்ணனை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. போகிற இடத்திலெல்லாம் அண்ணன் பெல்ட்டை இழுத்தான். அடையாறில் பார்த்த காரின் பெல்ட் சுத்தமாக இருந்தது, ஆனால் டயர் சரியில்லை என்று ஒதுக்கினான்.

ராயப்பேட்டையில் பார்த்த கார் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். மகன் துபாய்க்குப் போய்விட்டதால் விற்கிறார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, "ஓட்டிப் பாருங்கம்மா, நீங்கதான ஓட்டப் போறீங்க" என்று சாவியை என் கையில் கொடுத்தார் பெரியவர். மற்ற எல்லோரும் அண்ணனிடம்தான் நீட்டியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போனது. வெளியே வந்ததும் அண்ணன், "கிளட்ச் இடிக்குது, வேணாம்" என்றான். ஓட்டிய எனக்கு இடிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இடித்ததாம். அவனுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மேற்கு மாம்பலத்துக்குக் கூட்டிப்போனான். அவனோடு பள்ளியில் படித்த நண்பரின் கார். பளபளவென்று நின்றது. அண்ணன் பானெட்டைத் திறந்தான், டிக்கியைத் திறந்தான், டயரை உதைத்துப் பார்த்தான். அந்தத் தெருவில் பெருமழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்பது ஊருக்கே தெரியும். அதனால் தண்ணீரில் மாட்டியதா என்று நான் கேட்டேன். நண்பர் வாய் திறப்பதற்குள் அண்ணனே பதில் சொன்னான்.

"மழைன்னு நியூஸ் வந்ததுமே மேம்பாலத்துல ஏத்தி நிறுத்திட்டான். நான் பாத்துட்டேன், பாப்பா."

மழை எச்சரிக்கை வந்தால் காரைப் பாலத்தின் மேல் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். நம்பினேன். "நம்ம வண்டின்னு எடுத்துக்கினு போ தங்கச்சி, ஒரு கொறையும் இல்ல" என்றார் நண்பர், தரையைப் பார்த்துக்கொண்டே. அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காரையே வாங்கினேன். கொஞ்ச நாளில் ஏசியைப் போட்டால் ஊறப்போட்ட துணி நாற்றம் வந்தது. ஹாரன் அதற்குத் தோன்றும்போது அடித்தது. ஒரு சனிக்கிழமை வேலூர் போகும் வழியில், நெடுஞ்சாலையின் நடுவில், இன்ஜின் அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி என்னை உரசுகிற மாதிரி விலகிப் போனது. எப்படியோ ஓரம் கட்டி, அண்ணனுக்குப் போன் செய்தேன். "பேட்டரியா இருக்கும் பாப்பா, மாத்திடு" என்றான். மாற்றினேன். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

பிறகு ஒருநாள், என் துறையில் வேலை செய்யும் ஒரு பேராசிரியை என்னோடு காரில் ஏறினார். கொஞ்சம் பருத்த உடம்பு. பெல்ட் எட்டாமல் சிரித்துக்கொண்டே இழுத்தார், இழுத்தார், கடைசி வரை வந்தது. அடியில் பழுப்பாக ஒரு கோடு. அவருடைய புடவை மடிப்பில் கொஞ்சம் மணல் உதிர்ந்தது.

வண்டி தண்ணீரில் நின்றது கூட எனக்கு உடனே உறைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் பெல்ட்டை இழுத்த என் அண்ணன், மேற்கு மாம்பலத்தில் மட்டும் அதைத் தொடவில்லை என்பதுதான் உறைத்தது. இழுத்தால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அதனால் இழுக்கவில்லை.

அன்று மாலை நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கொடுத்த தண்ணீரைக் கூடத் தொடாமல் கேட்டேன். "உனக்குத் தெரியுமாண்ணா, தெரியாதா?"

அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான். "அவன் வீட்ல கல்யாணம் வெச்சிருந்தான் பாப்பா. வண்டிய வித்தாத்தான் மண்டபத்துக்கே பணம்னு அழுதான். வேற யாரு தலைல கட்டுறது? உனக்கு வேல இருக்கு, எப்படியும் சமாளிச்சுப்ப."

"ஹைவேல செத்திருப்பேண்ணா."

"ஒண்ணும் ஆவலயில்ல" என்றான்.

அந்த லாரியை நினைத்து நான் பயந்ததைவிட அந்த வார்த்தைக்குத்தான் அதிகம் பயந்தேன். முன்பின் தெரியாத டீலர் ஏமாற்றியிருந்தால் நாலு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

செலவு செய்து காரை ஓரளவு தேற்றினேன். கல்லூரிக்குப் போய் வருகிறது. வேலூருக்கு ரயிலில் போகிறேன். மகளிடம் எதையும் சொல்லவில்லை. அப்பா இல்லாத பெண், அவளுக்கு இருப்பது அந்த ஒரு மாமா.

போன மாதம் அவள் லீவில் வந்திருந்தபோது அண்ணன் வீட்டுக்கு வந்தான். அவளுக்கு ஒரு வரன் கொண்டு வந்திருந்தான். பெங்களூரில் வேலை, ஒரே பையன், அண்ணனுக்கு வேண்டப்பட்டவர் குடும்பம். "எல்லாம் விசாரிச்சாச்சு. நான் பாத்துட்டேன், பாப்பா."

மகள் வெட்கத்தோடு என்னைப் பார்த்தாள். "மாமா பாத்துட்டா சரிதாம்மா" என்றாள்.

நான் காபியை அவன் முன்னால் வைத்தேன்.

"இந்தப் பையன்கிட்ட நீ எதப் பாக்காம விட்டண்ணா?"

அண்ணன் டம்ளரைத் தள்ளி வைத்தான். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் நல்லவனாகவே இருக்கலாம். அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு இப்போது ஆளில்லை.