பட்டணத்துக்கு வியாழக்கிழமை

டிக்கெட் கொடுப்பது டிக்கெட் குமாஸ்தாவின் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, வந்தவருக்கு அந்தப் பயணம் அவசியமா, அவசியமானால் எப்படிப் போவது, போன இடத்தில் எங்கே படுப்பது, எதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று யோசனை சொல்வது. இந்த இரண்டாவது பாதிக்குச் சம்பளம் கிடையாது. தபாலாபீஸிலோ கோர்ட்டிலோ கஜானாவிலோ ஏதாவது ஒரு துவாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அவர்கள் இந்நேரம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் நான் சேலம் ஊருக்கு மேற்கே சூரமங்கலம் ஸ்டேஷனில், மூன்றாம் வகுப்பு ஜன்னலில் இருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் "பட்டணத்துக்கு" என்பார்கள். பட்டணம் என்றால் சென்னைப் பட்டணம். நான் அதைப் பார்த்ததில்லை. ஜோலார்பேட்டைக்கு அப்பால் வண்டி என்ன செய்கிறது என்பதே எனக்குக் கேள்வி ஞானம்தான். ஆனால் பட்டணத்தைப் பற்றி அச்சான ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகத்தை, அட்டை கிழிந்து விழும்வரை படித்திருந்தேன். எந்தச் சத்திரத்துக்குக் கிணறு உண்டு, எந்தக் கோபுரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் ஒப்பிப்பேன். கேட்காவிட்டாலும் ஒப்பிப்பேன்.

என் மனைவி தெய்வானை திருச்செங்கோட்டுக்காரி. ரயில்காரனைக் கட்டிக்கொண்டால் கடலைப் பார்த்துவிடலாம் என்று கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். கம்பெனி வருஷந்தோறும் எங்களுக்கு இலவசப் பாஸ் கொடுத்தது, லீவுதான் கொடுக்கவில்லை. ஆகவே வருஷந்தோறும் பாஸ் காலாவதியாயிற்று. என் ஜன்னல் ஊரைப் பார்த்திருந்தது; பிளாட்பாரம் முதுகுப் பக்கம். பட்டணத்து வண்டி வந்து நின்று, மூச்சு வாங்கிப் புறப்படும்போது என் நாற்காலி லேசாக நடுங்கும். அதன்மேல் இருந்த நானும்தான்.

தண்ணீரைக் கட்டி வைத்தவர்கள்

புதுச்சத்திரத்திலிருந்து ஒரு கவுண்டர் வந்தார். நிலத் தகராறு ஒன்று மேல் கோர்ட்டுக்குப் போய், பட்டணத்து வக்கீலைப் பார்க்கப் போகிறவர். சத்திரம், சாப்பாடு, வக்கீல் வீட்டுக்கு வழி எல்லாம் கேட்டு முடித்தார். வரிசை அவர் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. "ஏனுங்க சாமி, கடலைப் பாக்கோணும்னா அங்க யாரைக் கேக்கோணும்?" என்றார். "யாரையும் கேட்க வேண்டாம். கிழக்கே நடந்துகொண்டே இருங்கள். அதுவே உங்களை நிறுத்தும்" என்றேன். "வெயில் காலத்துல வத்துமுங்களா?" வற்றியதாக நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன்.

அந்த வருஷம் நாமக்கல் பக்கம் கிணறுகளில் கயிற்றை நீட்டிக்கொண்டே போனார்கள். கவுண்டரின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. எத்தனை ஏற்றம் போட்டு இறைக்கிறார்கள் என்று கேட்டார். அது உப்பு, பயிருக்கு ஆகாது, வாயிலும் வைக்க முடியாது என்றேன். அவர் டிக்கெட்டை மடியில் செருகிக்கொண்டு, என்னிடம் இல்லாமல் பட்டணத்தாரிடமே கேட்பவர்போலக் கேட்டார்: "அப்பறம் எதுக்குங்க அத்தனை தண்ணியையும் அங்க கட்டி வெச்சுக்கிட்டு, எங்க பக்கம் வர்ற மழையையும் வழியில புடிச்சுக்கறாங்க?"

சிக்கனத்தின் எல்லை

அம்மாபேட்டை அர்த்தனாரி தறிக்காரர். மனைவி, மாமியார், மைத்துனன் சகிதமாகப் பட்டணம் பார்க்க வேண்டும். ஆனால் டிக்கெட்டுக்கு மேல் செலவு கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. எனக்கு இப்படிப்பட்ட கணக்கு என்றால் வெல்லம். போகும்போது புளிச்சோறு, அங்கே போனதும் அவல், திரும்பும்போது அவலில் மிச்சம். ஒரு சத்திரத்தில் மூன்று நாள்தான் இடம் கொடுப்பார்கள். ஆகவே மூன்றாம் நாள் பக்கத்துச் சத்திரத்துக்குப் புதிய ஆட்களைப்போல முகம் கழுவிக்கொண்டு போவது. கடற்கரைக்குக் காசில்லை, கோயிலுக்குக் காசில்லை, செத்த காலேஜுக்கும் காசில்லை.

செத்த காலேஜ் என்றால் என்ன என்று மாமியார் கேட்டாள். உயிர் போன மிருகங்களைப் பஞ்சடைத்து நிறுத்தியிருக்கும் பெரிய கட்டடம். அதே மிருகங்களை உயிரோடு கூண்டில் காட்டும் தோட்டம் உயிர் காலேஜ். அங்கே மட்டும் ஏதோ சில்லறை வாங்குகிறார்கள் என்றேன். அந்த அம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, மருமகனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நம்மூர்ல உசுரோட இருக்கறவரைக்கும் ஒருத்தன் சீண்ட மாட்டான், செத்தாத்தான் செலவு பண்ணுவான். அந்த ஊரு நல்ல ஊருதான்யா, டிக்கெட்டை எடு!"

பேசாத மெத்தை

சிக்கனத்துக்கு நேர் எதிர்த் துருவம் ஓமலூர் மண்டிக்காரர். நிலக்கடலையில் நல்ல வருஷம். வாழ்க்கையில் ஒரு தரமாவது இரண்டாம் வகுப்பில் போவது என்று தீர்மானம் செய்திருந்தார். அந்த ஜன்னல் வேறு. ஆனாலும் யோசனை கேட்க என்னிடம்தான் வந்தார். இரண்டாம் வகுப்பில் செருப்பைக் கழற்ற வேண்டுமா, வெள்ளைக்காரன் ஏறினால் எழுந்து நிற்க வேண்டுமா, வெற்றிலை போட்டால் எங்கே துப்புவது என்றெல்லாம் கேட்டார். புத்தகத்தில் இல்லாத கேள்விகள். ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். அவருடைய சமையற்காரன் மூன்றாம் வகுப்பில் ஏறினான்.

ஊர் திரும்பியதும் என்னைப் பார்க்க வந்தார். வண்டி மொரப்பூர் தாண்டுவதற்குள் இறங்கி, சமையற்காரன் இருந்த பெட்டியில் ஏறி, பட்டணம்வரை நின்றுகொண்டே போனாராம். யாராவது அவமானம் செய்துவிட்டார்களா என்று பதறினேன். "அதெல்லாம் இல்லீங்க. மெத்தை நல்ல மெத்தைதான். ஆனா கடலைக்காய் என்ன வெலைன்னு அதுகிட்டக் கேட்டா, பதில் சொல்ல மாட்டேங்குதே!" என்றார்.

சூலம்

இனி வருவது நானே எனக்குத் தோண்டிக்கொண்ட பள்ளம். செவ்வாய்ப்பேட்டை மளிகைக்காரர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை வந்தார். டிக்கெட்டுக்குக் காசை நீட்டும்போதே பின்வாங்கி, "இன்னிக்குக் கிழக்கே சூலமாச்சே" என்றார். சூலம் உள்ள திசையில் அந்தக் கிழமை பயணம் புறப்படக்கூடாது; இது நம்மவர் எல்லோரும் அறிந்தது. எனக்குள் இருந்த பண்டிதன் விழித்துக்கொண்டான்.

"ஐயா, கிழக்கே சூலம் திங்களும் சனியும். சரி. ஆனால் ஸ்டேஷனுக்கு நீங்கள் ஊரிலிருந்து மேற்கே அல்லவா வந்தீர்கள்? மேற்கே சூலம் வெள்ளியும் ஞாயிறும். வண்டியோ வடக்கே போய்த்தான் கிழக்கே திரும்புகிறது. வடக்கே சூலம் செவ்வாயும் புதனும். மிச்சம் வியாழன் ஒன்றுதான். அன்றைக்குச் சூலம் தெற்கே. பட்டணத்து வண்டி தெற்கே போவதே இல்லை!" என்றேன். நகைச்சுவை என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி, விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, காசை முடிந்துகொண்டு போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை என் ஜன்னலுக்கு முன்னால் திருவிழா. அடுத்த வியாழன் தேர்த் திருவிழா. மற்ற நாளில் நான் ஈ ஓட்டினேன். வியாழனன்று கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். "அதெல்லாம் விளையாட்டுக்குச் சொன்னது, எந்த நாளும் நல்ல நாள்தான்" என்று கத்திப் பார்த்தேன். வரிசையில் ஒருவர் பின்னால் திரும்பி மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னார்: "கூட்டத்தைக் கண்டு பயந்து மாத்திப் பேசறாரு. நீங்க நவுராதீங்க!"

வீடு நிறைய மூட்டை

எல்லோராலும் வியாழக்கிழமையே புறப்பட முடியுமா? அதற்கும் நம்மவரிடம் வழி உண்டு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நாளில் ஒரு மூட்டையை மட்டும் வெளியே கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு வசதிப்பட்ட கிழமையில் ஆள் வந்து மூட்டையோடு சேர்ந்துகொள்ளலாம். ஒன்றே ஒன்று, வைத்த மூட்டை பயணம் போகாமல் வீடு திரும்பக்கூடாது. ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் வழியில் கடைசி வீடு எங்களுடையது. வேறு சொல்ல வேண்டுமா?

வியாழக்கிழமைகளில் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. துணி மூட்டை, தகரப் பெட்டி, ஒரு வக்கீல் குமாஸ்தாவின் குடை. ஒருவர் பட்டணத்திலிருக்கும் மகளுக்கென்று ஒரு கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து, மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். மூட்டை போதும், கோழியைப் புறப்படும் நாளில் கொண்டுவந்தால் ஆகாதா என்று கெஞ்சினேன். அவர் மனம் நொந்துபோய்க் கேட்டார்: "அதுவும் எங்கூடத்தானுங்க வருது. சூலம் குத்துனா அதுக்கு மட்டும் வலிக்காதுங்களா?"

தெய்வானை மூட்டைகளுக்கு நடுவே வழி உண்டாக்கிப் பெருக்குவாள். ஒரு நாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, ஊரு மூட்டையெல்லாம் நம்மூட்டுல தங்கிப் பட்டணம் போகுது. கோழி போயிருச்சு. நாம எப்பங்க?" என்றாள். அந்த வருஷப் பாஸ் காலாவதியாக இன்னும் கொஞ்ச நாளே இருந்தது.

வியாழன் இல்லாத வாரம்

ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன். ஒரு வாரம் லீவு வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வியாழக்கிழமை ஜன்னலில் வேறு ஆளை உட்காரவைத்தால் கூட்டம் அவனைத் தின்றுவிடும். இந்தச் சங்கடத்தைக் கண்டுபிடித்தவர் நீர். நீரே அனுபவியும். வேண்டுமானால் வியாழன் இல்லாத வாரமாக ஒன்று பார்த்துச் சொல்லும். அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்!"

ஈரோட்டுத் தந்தி

அப்படி ஒரு வாரம் இருந்தது. வெள்ளியன்று கிளம்பிப் புதனன்று திரும்புவது! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, சம்மதித்தார். ஈரோட்டிலிருந்து மாற்றுக் குமாஸ்தா வெள்ளி காலையில் வந்து ஜன்னலை ஏற்றுக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், எங்கள் வீட்டுக்கு ஸ்டேஷன் மேற்கே என்று தெய்வானை தயங்கினாள். அதெல்லாம் நான் கட்டிவிட்ட கதை என்றேன். "ஊருக்கெல்லாம் உண்டு, நமக்கு மட்டும் இல்லீங்களா?" என்றாள். நானே மூட்டையைக் கட்டினேன். வியாழனன்று எங்கள் மூட்டையை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த, வண்டிக்குப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வீட்டில் பரஸ்தானம் வைத்தோம். அன்று முழுவதும் வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம், கேளாமலே, நாளைக்கு நான் பட்டணம் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி காலையில் ஆள் வரவில்லை. தந்தி வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அதை ஒருமுறை மௌனமாகப் படித்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உரக்கப் படித்தார். என் சாஸ்திரம் ரயிலேறி ஈரோட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது: "என் வீட்டிலிருந்து ஸ்டேஷன் மேற்கே. வெள்ளி உசிதமில்லை. வியாழன் தவறாமல் வருகிறேன்."

கடல் பார்த்தவள்

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தெய்வானை அழவில்லை. வைத்த மூட்டை வீடு திரும்பக்கூடாது, ஆகவே மூட்டை போகத்தான் வேண்டும், மூட்டையோடு ஆள் ஒருத்தியாவது போக வேண்டும் என்றாள். பாயிண்ட்ஸ்மேன் மனைவி மாரியம்மாளுக்குப் பெரம்பூரில் அக்காள் இருக்கிறாள், மாரியம்மாளிடமும் பாஸ் இருக்கிறது, அவளும் கூட வருகிறாள் என்றாள். எல்லாம் முன்பே யோசித்து வைத்திருந்தாள். குமாஸ்தா இல்லாமல் மனைவி மட்டும் பாஸில் போகலாமா என்று விதிகளைப் புரட்டினேன். போகலாம் என்றுதான் இருந்தது. நிறையப் படித்திருப்பதில் இதுதான் கெடுதல்.

அவசரமாகப் பட்டணம் முழுவதையும் ஒப்பித்தேன். அவள் தலையை வாரிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். வண்டி வந்தபோது நான் ஜன்னலில் இருந்தேன். யாரோ ஒருவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி வழக்கம்போல நடுங்கி அடங்கியது. திரும்பிப் பார்க்க எழுந்தேன். "எங்க சாமி எந்திரிக்கறீங்க? எம் டிக்கெட்டு?" என்றார் ஜன்னலில் நின்றவர்.

புதன்கிழமை அவள் திரும்பி வந்தாள். புடவை மடிப்பில் மணல் இருந்தது. முகம் கறுத்திருந்தது; அதில் நான் பார்த்திராத ஒரு தெளிவும் இருந்தது. கலங்கரை விளக்கம் நான் சொன்ன திசையில்தானே இருந்தது, சத்திரத்துக் கிணறு பின்கட்டில்தானே, சிவப்புக் கட்டடம் கோர்ட்டுத்தானே என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். கடல் எப்படி இருந்தது என்று கடைசியாகக் கேட்டேன். அதைப் பற்றி மட்டும் எனக்கு ஒப்பிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவள் மடிப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "நீங்க சொன்னதெல்லாம் சொன்ன எடத்துல அப்படியே இருக்குதுங்க. கடலு மட்டும் ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டேங்குது. கெளம்பற மாதிரி எந்திரிக்குது, எங்கயும் போகாம அங்கயே உக்காந்துக்குது. அதைப் பாத்துட்டு நிக்கறப்ப உங்க நெனப்புத்தானுங்க வந்துது!"

கையில் காசில்லாதவன் பட்டணம் போய்விடுகிறான், நாள் சரியில்லாதவனும் போய்விடுகிறான், கோழிகூடப் போய்விடுகிறது. வழி முழுவதும் தெரிந்தவன் மட்டுந்தான் வழி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.