எந்தப் பக்கம் திருப்புவது

அடையாறு முகத்துவாரத்தில் மாலை நடைக்குப் போகும்போது தூண்டில் போடும் ஒருவரைப் பார்ப்பேன். ஐம்பது வயதிருக்கும். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. தூண்டில் கோலை அந்தக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் ரீலைச் சுற்றுவார். ஒவ்வொரு முறை வீசும் முன்பும் தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்து, ரீலின் முன்னால் இருக்கும் குமிழைச் சரிசெய்வார்.

“இதான் சார் டிராக்கு. மீன் இழுத்தா நரம்பு கொஞ்சம் ஓடணும். டைட்டா வச்சா அறுந்துடும்” என்றார் ஒருநாள்.

அடுத்த வாரம் பெரிய கொடுவா மீன் ஒன்று மாட்டியது. கோல் வளைந்து தண்ணீரைத் தொட்டது. இடது கையை எடுத்தால் கோலே போய்விடும்.

“சார், டிராக்க லூசு பண்ணு சார்.”

ஓடிப்போய்க் குமிழைத் திருப்பினேன். பதற்றத்தில் தப்பான பக்கம் திருப்பிவிட்டேன். நரம்பு பட்டென்று அறுந்தது.

அவர் திட்டவில்லை. தண்ணீரையே பார்த்தபடி சொன்னார்: “ஒண்டியா ஒரு மீனு புடிச்சி வூட்டுக்கு எத்துனு போலாம்னு பார்த்தேன். இனிமே எல்லாத்துக்கும் ஓராளு வேணும் போல கீது.”

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வீடு எங்கே என்றுகூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.